தோற்ற ஆட்டங்கள் சொன்ன சாட்சியம்

இரவு செபம் முடிந்து வீடு அடங்கிய பின் கைப்பேசியில் சதுரங்கம் ஆடும் பழக்கம் நமக்கு உண்டு. ஆளுக்கு 3 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 வினாடி கூடும். எதிரே ஆடுபவர் எந்த நாட்டவரோ, என்ன வயதினரோ, நாம் அறியோம். ஓர் இரவு தொடர்ந்து 7 ஆட்டங்களில் தோற்றோம். மூன்றாம் தோல்விக்குக் கடிகாரத்தைக் குறை கூறினோம். ஐந்தாவதற்கு எதிராளியின் நல்வாய்ப்பை. ஏழாவதற்கு, இடையில் ஏதோ பேச வந்த மகனை. "இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தால்" என்று முணுமுணுத்தபடியே படுக்கச் சென்றோம்.

ஒருவர் தம் ஆட்டங்களைத் தாமே அலசி, அந்த அலசலைப் பிறர் குறை காணும் வண்ணம் அச்சிலும் வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தியவர், 1948-இல் உலக வாகையரான சோவியத் வீரர் மிகயீல் பொத்வின்னிக். அச்சில் ஏறும் தகுதி நம் ஆட்டங்களுக்கு இல்லை. ஆயினும் ஒரு குறிப்பேடு வாங்குவதற்குத் தகுதி எதுவும் தேவையில்லை அல்லவா? மறுநாளே வாங்கினோம்.

இணையத்தில் ஆடும் ஆட்டம் நகர்த்தல் பிசகாமல் பதிவாகிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி செலவிட்டோம் என்பதும் உடன் பதிவாகிறது. ஏழாவது ஆட்டத்தைத் திறந்து பார்த்தோம். எதிராளி குதிரையை முன்னேற்றி, நம் அரசனையும் ராணியையும் ஒருசேரத் தாக்க வழி செய்திருந்தார். அதைக் கவனியாமல், ஏற்கெனவே மனத்தில் முடிவு செய்து வைத்திருந்த சிப்பாயை நகர்த்தினோம். அடுத்த நகர்த்தலில் ராணியை இழந்தோம். அந்தச் சிப்பாய்க்கு நாம் செலவிட்டது 2 வினாடி. நம் கடிகாரத்தில் அப்போது மீதி இருந்ததோ 1 நிமிடம் 40 வினாடி! நேரம் இருந்தது, நிதானம்தான் இல்லை.

தவறு எது என்பதை ஸ்டாக்ஃபிஷ் போன்ற கணினி நிரல் நொடியில் காட்டிவிடும். ஆனால் அத்தவறை நாம் ஏன் செய்தோம் என்பது அதற்குத் தெரியாது. எனவே முதலில் அதன் துணையின்றியே ஆட்டத்தைத் திரும்ப நடத்திப் பார்த்து, அந்தந்த வேளையில் நாம் என்ன நினைத்தோம் என்று எழுதினோம். பிறகே நிரலைக் கேட்டோம். தோற்ற 30 ஆட்டங்களின் காரணங்களை மூன்றாகப் பிரித்தோம்: காயைப் பார்க்கவில்லை, பார்த்தும் தவறாகக் கணித்தோம், எதிராளி ஏன் இவ்வாறு நகர்த்தினார் என்று கேட்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் 17 ஆட்டங்கள் சேர்ந்தன.

அந்த வரிசையைக் கண்டதும் புனித இஞ்ஞாசியார் நினைவுக்கு வந்தார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஏற்பளித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு போராடும் வழியை அவர் கற்பிக்கிறார். காலையில் உறுதி எடுக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை விழுந்தோம் எனக் கோடுகளின் மேல் புள்ளியிட வேண்டும். நாளையும் நாளையும், வாரத்தையும் வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாமும் அவ்வாறே கோடுகள் வரைந்தோம். 'இவர் ஏன் இதை ஆடினார்?' என்று கேட்டுக்கொள்வதற்கு ஒரு வினாடி போதும். அடுத்த 30 தோல்விகளில் அக்குறைக்கு 11 புள்ளிகள்; அதற்கடுத்த முப்பதில் 6. நம் தரநிலையும் சற்று உயர்ந்தது.

ஆனால் குறிப்பேட்டில் எழுதாத ஒன்று நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழாவது ஆட்டத்தின் நடுவே வந்த மகன் என்ன சொல்ல வந்தான்? "அப்பா, காலேஜைப் பத்தி ஒண்ணு…" என்று தொடங்கியவனுக்கு, தலை நிமிராமலேயே, "முதல்ல ஒழுங்கா படி, மத்ததை அப்புறம் பாப்போம்" என்றோம். அதற்கும் 2 வினாடிதான் ஆகியிருக்கும். அதன்பின் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நாமும் மறந்திருந்தோம்.

ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அவன் அருகில் அமர்ந்து, "அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே, நான் கேக்கல. தப்புதான்" என்றோம். "ஒண்ணுமில்லப்பா" என்றான். வழக்கம்போல் அறிவுரை நாவில் வந்து நின்றது. அதை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். நெடுநேரம் கழித்து அவன் பேசத் தொடங்கினான். அவன் கூறியவை இங்கு எழுதுவதற்கல்ல. நாம் பதில் தயாராக வைத்திருந்த கேள்வியே அன்று அது, என்பது மட்டும் புரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. இப்போது அவன் நம்மிடம் பேசுகிறான்.

சதுரங்கத்தை உவமையாகக் கொண்டு தம் சகோதரிகளுக்குச் செபத்தைக் கற்பித்தவர் அவிலா நகர்ப் புனித தெரேசா. விண்ணக அரசரையே பணிய வைக்கும் ராணி தாழ்ச்சியே என்பது அவர் கருத்து. தாழ்ச்சி என்பது தலை குனிந்து நிற்பது மட்டுமன்று. எதிரே இருப்பவருக்கும் ஓர் எண்ணம் உண்டென்று நின்று கேட்பதும் அதுவே. அதை அந்த 17 தோல்விகள் நமக்குக் கற்பித்தன.

இன்றும் ஆடுகிறோம், இன்றும் தோற்கிறோம். இரவு செபத்தின்போது அன்றைய ஆட்டங்களோடு அன்றைய பேச்சுகளையும் ஒருமுறை திரும்ப நடத்திப் பார்க்கிறோம். புள்ளியிடும் கோடுகள் இப்போது இரண்டு.