ஊளையிட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன்

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பெயர் கேட்டார்கள், எந்த நாடு என்று கேட்டார்கள், அடுத்த கேள்வியே "எந்த டீம்?" என்பதுதான். கிரிக்கெட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து "இந்தியா" என்றேன். சிரித்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது 'ஃபுட்டி'யைப் பற்றி. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நம் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால் "எந்த டீம்?" என்று ஆளாளுக்குக் கேட்டபோது முதலில் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அங்கேயும் அப்பா எந்த அணியோ பிள்ளையும் அந்த அணிதான். பிறந்த குழந்தைக்கே அணியின் நிறத்தில் குல்லா போட்டுவிடுகிறார்கள். லீக்கில் இருந்த 18 அணிகளில் 9 அணிகள் மெல்பர்ன் நகரத்துக்குள்ளேயே இருந்தன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்காக யாரும் எனக்கு வாடகைக்கு வீடு தர மறுக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்த்தது குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்த பெண்களுக்கான ஒரு மையத்தில். அங்கே அறுபது வயது தாண்டிய ஒரு பூர்வகுடிப் பெண் இருந்தார். பூர்வகுடி மக்கள் தங்கள் பெரியவர்களை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது உறவு மட்டுமல்ல, மரியாதையும்கூட. நாம் தெருவில் பெரியவர்களை அத்தை, மாமா என்பதுபோல. நானும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். என்னை முதன்முதலில் எம்.சி.ஜி. மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். அது 2019 மே மாதம்.

ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய மைதானம். கிரிக்கெட் ஆடும் அதே முட்டை வடிவத் திடல். அணிக்கு 18 பேர். பந்தும் முட்டை வடிவம்தான், பகல் ஆட்டத்துக்குச் சிவப்பு, இரவு ஆட்டத்துக்கு மஞ்சள். உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், ஆனால் தூக்கி எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து இன்னொரு கையின் முட்டியால் குத்தித்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி. குறி தவறினாலும் ஒரு புள்ளி தருகிற விளையாட்டா என்று ஆச்சரியமாக இருந்தது. உதைத்த பந்து கீழே விழும் முன்பு ஒருவர் இன்னொருவரின் தோள்மீது முட்டியை ஊன்றி, ஆகாயத்தில் ஏறிப் பிடித்தார். நான் என்னை மறந்து எழுந்து நின்று கைதட்டினேன். ஆன்ட்டி சிரித்தார். "பிடிச்சுப்போச்சா? இனி நீ தப்பிக்க முடியாது" என்றார்.

இரண்டாவது கால்பகுதியில் எதிரணி வீரர் ஒருவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஊளையிட்டார்கள். ஏன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். "எங்க டீம விட்டுட்டுப் போனவன்" என்றார். சரி, வேடிக்கைதானே என்று அடுத்த முறை நானும் சேர்ந்து ஊளையிட்டேன். அத்தனை ஆயிரம் குரல்களோடு நம் குரலும் சேரும்போது ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஆன்ட்டி மட்டும் வாயைத் திறக்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "உன் மேல தப்பு இல்ல. அந்தப் பையன் விட்டுட்டுப் போனவன்தான். ஆனா எங்க ஆளுங்க அந்தச் சத்தத்தைக் கேட்டா வேற ஒண்ணு ஞாபகம் வரும்" என்றார். பிறகுதான் ஆடம் குட்ஸ் பற்றிச் சொன்னார்.

ஆடம் குட்ஸ் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 372 ஆட்டங்கள் ஆடியவர். அணியோடு இரண்டு முறை கோப்பை வென்றவர். லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 2003, 2006 என இரண்டு முறை பெற்றவர். அவர் அம்மா, 'திருடப்பட்ட தலைமுறை' என்று சொல்லப்படும், அரசாங்கத்தால் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளில் ஒருவர். 2013 மே 24 அன்று, இதே எம்.சி.ஜி.யில், பூர்வகுடி மக்களைக் கௌரவிக்கும் சுற்றின் ஆட்டத்தில், பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு குரல் அவரைக் குரங்கு என்றது. அவர் நின்றார். அந்தத் திசையில் விரலை நீட்டினார். குரலுக்குரியவள் 13 வயதுச் சிறுமி. மறுநாள் அவர் பேசியது முக்கியம். அந்தக் குழந்தையைத் தாக்காதீர்கள், அவளுக்கு ஆதரவு தேவை, இப்படிப் பேச அவள் எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றார். சில நாட்களில் எதிரணியின் தலைவரே வானொலியில் அவரைக் கிங்காங்கோடு சேர்த்துக் கேலி பேசினார். கற்றுக்கொடுத்தது யார் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

2014இல் 'ஆஸ்திரேலியாவின் ஆண்டு மனிதர்' விருது அவருக்குக் கிடைத்தது. அந்த மேடைகளில் இனவெறி பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். அதன் பிறகு ஊளை வளர்ந்தது. 2015 மே மாதம், மறுபடியும் பூர்வகுடிச் சுற்றில், ஒரு கோல் போட்டுவிட்டு ஈட்டி எறிவதுபோல் தன் மக்களின் போர் நடனத்தை ஆடிக் காட்டினார். அதற்கப்புறம் ஊருக்கு ஊர், பந்தைத் தொட்டாலே ஊளை. "இது இனவெறி இல்லை, அவர் ஏமாற்றி ஃப்ரீ கிக் வாங்குகிறார்" என்றார்கள். "ஆட்டம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்கள். "அந்தச் சின்னப் பெண்ணைக் காட்டிக்கொடுத்தார்" என்றார்கள். ஒரு கட்டத்தில் மனம் தாங்காமல் ஒரு ஆட்டத்திலிருந்து விடுப்பு எடுத்தார். அந்த செப்டம்பரில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறும் வீரர்கள் இறுதிப்போட்டி நாளில் மைதானத்தைச் சுற்றி வரும் விடைபெறும் ஊர்வலத்துக்கும் போகவில்லை.

தோழர்களே, அந்தக் காரணங்களை இன்னொரு முறை படியுங்கள். "சாதி பார்க்கவில்லை, மார்க்கு பத்தவில்லை." "சாதி பார்க்கவில்லை, அவன் திமிராகப் பேசினான்." "சாதி பார்க்கவில்லை, பொது இடத்தில் எதற்கு அம்பேத்கர் படம்?" ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கும். எல்லாரும் ஒன்றாக ஊளையிடும்போது யார் எதற்காக ஊளையிடுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கூட்டம்தான் இனவெறியருக்குப் பாதுகாப்பு. சும்மா வேடிக்கைக்குச் சேர்ந்து கத்துகிறவர்தான் அந்தக் கூட்டத்தைப் பெரிதாக்குகிறார். என்னைப் போல.

ஆன்ட்டி சொன்ன இன்னொரு பெயர் டக் நிக்கல்ஸ். 1920களின் கடைசியில் கார்ல்டன் அணியில் சேரப் போனவர். அங்கே வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் ஆட்கள் அவரைத் தொட மறுத்தார்கள். நாற்றம் அடிக்கிறது என்றார்கள் உடன் ஆடியவர்கள். அவர் வேறு அணிக்குப் போய், பெரிய வீரராகி, பிறகு போதகராகவும் உரிமைப் போராளியாகவும் ஆனார். 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். இன்று அந்தப் பூர்வகுடிச் சுற்றுக்கு அவர் பெயர்தான்.

தொட மறுத்தார்கள் என்று ஆன்ட்டி சொன்னபோது எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது. காலனியிலிருந்து எங்கள் ஊர் கிரிக்கெட் டீமில் ஆடிய ஒரே ஆள் அவர்தான். வேகப்பந்து வீசுவார். பக்கத்து ஊரோடு பெட் மேட்ச் என்றால் சைக்கிளில் வந்து கூப்பிடுவார்கள். ஆனால் தண்ணீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கையில்தான் ஊற்றுவார்கள். பந்தைத் தொடலாம், சொம்பைத் தொடக் கூடாது. ஜெயித்த அன்று விருந்து ஊருக்குள் நடக்கும், அண்ணன் வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவார். ஆன்ட்டியிடம் பல்வங்கர் பாலுவைப் பற்றியும் சொன்னேன். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித் வீரர் அவர். பூனாவில் அவரோடு ஆடியவர்கள் அவருக்குத் தேநீரை வெளியே வைத்து மண்குவளையில் கொடுத்தார்கள். எவ்வளவு மூத்தவரானாலும் கடைசிவரை அவரை இந்துக்கள் அணிக்குக் கேப்டனாக்கவில்லை. ஆன்ட்டி கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆனா உங்களுக்குள்ள எல்லாரும் ஒரே நிறம்தானே, எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?" நான் சொன்னேன்: "கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க, ஆன்ட்டி."

அதைச் சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மெல்பர்ன் வந்து நான்கு மாதங்களில் அங்கிருந்த தமிழர்கள் கேட்டபோதெல்லாம் நான் "விழுப்புரம் பக்கம்" என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூலையில் ஆடம் குட்ஸ் பற்றிய 'தி ஃபைனல் குவார்ட்டர்' ஆவணப்படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அன்றைய செய்திகள், வர்ணனைகள், விவாதங்களை மட்டுமே தொகுத்த படம். அதற்கு முந்தைய மாதம்தான் லீக்கும் 18 அணிகளும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டிருந்தன, நடந்தது இனவெறி என்று அப்போதே சொல்லாததற்கு, அவரோடு நிற்காததற்கு. அவர் ஆட்டத்தை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2021இல் லீக்கின் மிக உயர்ந்த கௌரவப் பட்டியலில் சேர அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார்.

படம் வந்த வார இறுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பேச்சு இந்தப் படத்தைப் பற்றி வந்தது. வீட்டுக்கார அண்ணன் உண்மையிலேயே கொதித்துப் பேசினார். "இந்த வெள்ளக்காரனுங்க மாறவே மாட்டாங்க" என்றார். பஸ்ஸில் தனக்கு நடந்த அவமானத்தைச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சாம்பார் வந்தது. அடுத்த பேச்சு ஊரைப் பற்றி. "நம்ம ஊர்ல இந்தக் கோட்டாவால திறமைக்கு மதிப்பே இல்ல, அதனாலதான் நாங்க இங்க வந்தோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க விழுப்புரத்துல எந்தப் பக்கம்மா?" என்றார்.

எனக்கு நிக்கி வின்மாரின் அந்தப் படம் ஞாபகம் வந்தது. 1993 ஏப்ரல் 17. காலிங்வுட் அணியின் சொந்த மைதானம். ஆட்டம் முழுக்க அவரையும் இன்னொரு பூர்வகுடி வீரரையும் கூட்டம் தோலைச் சொல்லித் திட்டுகிறது. அவர் அணி ஜெயிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நின்று, பனியனைத் தூக்கி, தன் கறுத்த வயிற்றைச் சுட்டிக்காட்டுகிறார். சில நாட்களில் அந்த எதிரணியின் தலைவர், வெள்ளையரைப்போல் நடந்துகொண்டால் அவர்களை எல்லாரும் மதிப்பார்கள் என்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து 1995இல் மைக்கேல் லாங் என்ற வீரர் எதிராளி திட்டியதைப் பேசாமல் விட மறுத்தபோதுதான், வீரர்கள் இனவசை பேசினால் நடவடிக்கை என்ற விதியே வந்தது.

என்னிடம் தூக்கிக் காட்டப் பனியன் இல்லை. நமக்கு அது தோலில் இல்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். "காலனிங்க அண்ணா. பறையர். நான் படிச்சது அந்தக் கோட்டாவுலதான், இங்க வந்தது அந்தப் படிப்புலதான்" என்றேன்.

யாரும் திட்டவில்லை. "அட, நாங்க அதெல்லாம் பாக்கறதில்லம்மா" என்றார் அண்ணன். அக்கா எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தார். பேச்சு வானிலைக்கு மாறியது. அந்த வருடம் நவராத்திரிக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் போட்டு, தன் கோப்பையிலேயே எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது ஊர் திரும்பிவிட்டேன். தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டுகிறார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் வெடி வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். நாட்டுக்காக ஆடினாலும் விடமாட்டார்கள் என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

கல்லூரி மைதானத்தில், ஹாஸ்டலில், கபடித் திடலில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒருவனைப் பார்த்துக் கூட்டமே ஊளையிடும்போது எதற்கென்று தெரியாமல் சேராதீர்கள். எதற்கென்று தெரிந்தால் அன்றைக்கே, அங்கேயே பெயர் சொல்லிச் சொல்லுங்கள். கயிறு கட்டிய பையன் எங்கே கற்றான் என்று தேடிப் போங்கள், அவனை மட்டும் அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆடம் குட்ஸுக்கு மன்னிப்பு வந்தது, ஆனால் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது வரவில்லை. நம் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவர்களோடு நிற்போம்.

ஜெய்பீம்.