கொல்லையில் ஒரு கடல்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துக் கிடக்கும் தீவு திருவரங்கம். முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு, இவ்வூரை நடுவில் வைத்துக்கொண்டு கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் நாடுவது கடலையே. ஆயினும் கடலோ நெடுந்தொலைவில் உள்ளது. அண்மையிலுள்ள துறைமுகமாகிய நாகப்பட்டினத்துக்குச் செல்லவே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வழி நடக்க வேண்டும். இங்குள்ளார்க்கு உப்பு நீர் என்பது ஊறுகாய்ச் சாடியில் நிற்கும் நீரேயன்றி வேறில்லை.

இவ்வூரில், கிணறும் தென்னையும் உள்ள கொல்லையொன்றில் கடலுயிர்களை வளர்க்க ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்நாட்டு நூல்கள் சிலவற்றை அவர் படித்திருக்கிறார். கண்ணாடி வீடு கட்டி, அதனுள் தொட்டிகளை வைத்து, பவளமும் மீனும் வளர்க்கும் முறை அந்நூல்களில் படங்களுடன் விளக்கப்பட்டிருக்கும். படங்கள் அழகியவை. அவற்றைப் பார்த்து அப்படியே திருவரங்கத்தில் கட்டிவிட்டால், தொட்டியிலுள்ள உயிர்கள் ஒரு சித்திரை மாதத்தைத் தாங்கா.

முதலில் கடல்நீருக்கு வழி தேட வேண்டும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 1000 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு 35 கிலோகிராம் வேண்டும். "உப்புக்கா பஞ்சம்?" என்று கேட்கத் தோன்றும். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், இராசாசி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, வேதாரணியம் கடற்கரைவரை நடந்து சென்று உப்பெடுத்த வரலாற்றை இவ்வூரார் அறிவர். அன்று அரும்பொருளாக இருந்த உப்பு இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அவ்வுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது.

உப்பளத்தில் நிகழ்வதைப் பார்த்தால் காரணம் விளங்கும். பாத்தியில் பாய்ச்சிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது, முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிகின்றன. பிறகே சோற்றுப்பு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் மிகுந்த கசப்பு நீர் இறுதியில் எஞ்சி நிற்கும். உப்பைத் தூயதாக்க அதனை வடித்துவிடுவார்கள். ஆகவே சமையலறைக்கு வந்து சேர்வது கடலின் ஒரு பகுதியே. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்குரிய கால்சியமும், மெக்னீசியமும் அதிலிருந்து முன்னும் பின்னும் நீங்கிவிட்டன. இவையனைத்தையும் உரிய அளவில் கலந்து செய்த கடல் உப்புக் கலவையை விலைக்கு வாங்குவதே வழி. அதனைக் கரைக்கும் நீரும் தூயதாக இருத்தல் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுளை எரிக்கும். கிணற்று நீரிலோ மண்ணின் உப்புகள் முன்பே கலந்திருக்கும். எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரையே கொள்வர்.

கடலுக்குத் தொலைவில் கடலுயிரை வளர்ப்பது புதிய ஆசையன்று. 1846-இல் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளத்தைச் சாடியில் வைத்து இலண்டனுக்குக் கொண்டு வந்தார். காற்றைச் செலுத்தும் இயந்திரம் அவரிடம் இல்லை. பணிப்பெண் நாள்தோறும் சன்னலருகே நின்று, ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு அந்நீரை நெடுநேரம் ஆற்றி ஆற்றி ஊற்றுவாள். பால் ஆற்றும் வேலைதான். ஒரு நாளும் ஓய்வில்லை. அடுத்த ஆண்டு கடற்பாசியையும் உடன் வைத்தார். பாசி ஒளியைக் கொண்டு உயிர்வளியைத் தந்தது. வரலாற்று நூல்கள் அன்னா தின்னின் பெயரைக் குறித்து வைத்தன. கை வலிக்க நீரூற்றியவளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

1853-இல் இலண்டன் உயிரியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான நீர்வாழுயிர்க் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் இதனைப் பற்றி எழுதிய நூல், இங்கிலாந்தில் வீட்டுக்கொரு தொட்டி வைக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டது. மக்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குச் சென்றனர். பாறைக் குட்டைகளிலிருந்த உயிர்களை வாரிக்கொண்டு வந்தனர். அவற்றுள் பல வீட்டுத் தொட்டிகளில் மடிந்தன. காசின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளியிட்ட நூலில், தாம் சிறுவயதில் கண்ட அழகிய கடற்குட்டைகள் வெறுமையாகிப் போனதை வருத்தத்துடன் எழுதினார். கடலை நேசிக்கக் கற்றுத்தந்த நூலே கரையைச் சூறையாடவும் காரணமாயிற்று.

நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. திருவரங்கத்துக் கொல்லைக்கு அந்த வசதி இல்லை.

இனி, வீட்டைக் கட்ட வேண்டும். கண்ணாடி வீடு குளிர்நாட்டாரின் கண்டுபிடிப்பு. கதிரவன் ஒளி கண்ணாடி வழியே உள்ளே புகுகிறது. உள்ளே சூடேறிய காற்று வெளியேற வழியின்றி நிற்கிறது. பனி பெய்யும் ஊரில் அது தாயின் அணைப்பைப் போன்றது. திருச்சிராப்பள்ளியிலோ கோடையில் நிழலிலேயே வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. மூடிய கண்ணாடி வீட்டினுள் நண்பகலில் அது 50 பாகையைத் தாண்டக்கூடும். பவளங்களுக்கும் அவற்றோடு வாழும் மீன்களுக்கும் உகந்த நீர் 25 முதல் 29 பாகை வரை. அதற்கு மேல் ஓரிரு பாகை ஏறிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இவ்வாறே பெருமளவில் நேர்ந்தது. அகன்ற கடலே தாங்க முடியாத வெப்பத்தைக் கொல்லைத் தொட்டி எவ்வாறு தாங்கும்?

ஆகவே இங்கே வேண்டுவது வெப்பத்தைச் சேர்க்கும் வீடன்று. ஒளியை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே நிறுத்தும் வீடு. அத்தகைய வீட்டைக் காண அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையிலுள்ள வெற்றிலைக் கொடிக்காலினுள் ஒரு நண்பகலில் நுழைந்து பார்த்தால் போதும். அகத்தி மரங்கள் வெயிலைச் சலித்துத் தருகின்றன. வாய்க்காலின் ஈரம் காற்றைக் குளிர்விக்கிறது. வெளியே அனல் வீச, உள்ளே பசுமையான மெல்லொளி நிற்கும். கொல்லைக் கடலுக்கும் அம்முறையே ஏற்றது.

சவுக்குக் கழியும் மூங்கிலும் நட்டு உயரமாகப் பந்தல் எழுப்ப வேண்டும். இரும்பு கூடாது; உப்புக் காற்று அதனை விரைவில் அரித்துவிடும். மேலே பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை. அதற்கு ஒரு முழம் கீழே, ஐப்பசி மழை தொட்டியில் விழுந்து உப்பைக் குறைத்துவிடாதபடி ஒளிபுகும் தகட்டுக் கூரை. சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையதாகையால் கூரையின் உச்சியில் திறப்பு விட வேண்டும். காற்று வரும் பக்கத்தில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் சொட்டவிடலாம். கோடையின் உலர்ந்த காற்று அதன் வழியே வரும்போது பல பாகை குளிர்ந்து வரும். மணம் ஊதியமாகக் கிடைக்கும். அடைமழை நாட்களில் காற்றே ஈரமாக இருப்பதால் தட்டியால் பயன் மிகுதியில்லை. அப்போது அது வேண்டப்படுவதும் இல்லை. மார்கழி இரவுகளில் பக்கங்களைப் பாயால் மறைத்தால் போதும்.

தொட்டி நீரின்மேல் ஒரு சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால் மண்பானை நீர் குளிரும் முறையிலேயே அதுவும் குளிரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது கொண்டுசெல்லும் வெப்பம், ஏறத்தாழ 580 லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்கப் போதுமானது. ஆனால் இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 1000 லிட்டரில் 50 லிட்டர் வற்றினால், உப்பின் அளவு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து ஏறத்தாழ 37 கிராமாக உயரும். தொட்டியின் பக்கத்தில் கோடொன்று கிழித்து, நாள்தோறும் அக்கோடுவரை நன்னீரையே ஊற்றி வர வேண்டும். அறியாமல் உப்புநீரை ஊற்றுகிறவர் நாளுக்கு நாள் கடலைக் கருவாட்டுத் தொட்டியாக்குகிறார்.

மின்சாரத் தடை மற்றோர் இடர். 30 பாகை வெப்பமுள்ள கடல்நீர், லிட்டருக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட உயிர்வளியையே தாங்கும். அதே வெப்பமுள்ள நன்னீர் ஏழு மில்லிகிராமுக்கு மேல் தாங்கும். கோடை இரவில் காற்றடிக்கும் கருவி நின்றுபோனால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். மின்கலத்தால் இயங்கும் கருவி ஒன்று எப்போதும் அணியமாக இருக்க வேண்டும். அதுவும் பழுதாயின், இலண்டன் பணிப்பெண் செய்ததைத் திருவரங்கத்திலும் செய்யலாம். செம்பும் கையும் இருந்தால் போதும்.

நீர் ஆயத்தமானவுடன் மீனை விடுதல் பெரும்பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொரு வகையின நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுமையைத் தணிக்கின்றன. இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் நீரையே பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். தொட்டி வைத்தவர்களுள் பலர் தோற்றது இந்தக் காத்திருப்பில்தான்.

இனி, எவ்வுயிரை வளர்ப்பது? பவளத்தின்மேல் ஆசை எழுதல் இயல்பு. ஆனால் பவளங்களும் கடற்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டன; அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. சட்டம் தடுக்காவிடினும், ஒருவர் கொல்லை அழகுபெறப் பாம்பன் பார் ஒன்று பாழாவது முறையாகாது. காசின் நூலைப் படித்தவர் செய்த பிழையை மீண்டும் செய்ய வேண்டுவதில்லை.

நல்வாய்ப்பாக, மனிதர் கையிலேயே பிறந்து வளர்ந்த கடல்மீன்கள் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தோன்றியது. 1971 வரை அதன் தலைமையிடம் இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில் இருந்து, பின்னர் கொச்சிக்குச் சென்றது. மண்டபத்தில் தொடர்ந்து இயங்கும் அதன் மையத்தில், கோமாளி மீன் என்னும் அழகிய மீனினத்தைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை அறிஞர்கள் செம்மைப்படுத்தினர். செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை அணிந்த சிறு மீன் அது. கடலில் அது கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்கிடையே அச்சமின்றி வாழும். தொட்டியில் ஓர் ஓட்டுத்துண்டு கிடைத்தாலே குடும்பம் நடத்தும். அதன் இயல்பில் ஒரு விந்தை உண்டு. எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். அப்பெண் இறந்தால் அதன் துணையாகிய ஆண் பெண்ணாக மாறும்.

தொட்டியின் கழிவுநீரைப் பற்றியும் எண்ண வேண்டும். வாரந்தோறும் 100 லிட்டர் பழைய நீரை மாற்றினால், அதனுடன் மூன்றரைக் கிலோகிராம் உப்பு வெளியேறும். ஓராண்டில் 180 கிலோகிராமுக்கு மேல். அதனைக் கொல்லையில் கொட்டினால் தென்னை ஓரளவு பொறுக்கும், வாழை பொறுக்காது. திருவரங்கத் தீவின் பெருமை வாழைத் தோட்டங்களே. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993-இல் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டது. உப்பேறிய மண்ணில் வாழையிலையின் விளிம்பு கருகும், குலை சிறுக்கும். உப்பு கிணற்றில் இறங்கினால் அண்டை வீட்டாரும் கெடுவர். எனவே தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத பாத்தியொன்றைக் கொல்லையின் ஓரத்தில் அமைத்து, கழிவுநீரை அதில் விட்டு வற்றவிட்டு, உப்பை வாரி அப்புறப்படுத்த வேண்டும். பந்தலுக்குள் பகையாயிருந்த அதே வெயில் இங்கே கூலியில்லா வேலைக்காரன். பந்தலின் மறுபுறத்திலும் அதற்கு வேலையுண்டு. சாடிகளில் உள்ள கடல்நீரில் பச்சை நுண்பாசியை வளர்த்துக் கொடுப்பது அதுவே.

அப்பாசி எதற்கெனில், ஓட்டுத்துண்டில் ஒட்டிய முட்டைகள் நூற்றுக்கணக்கில் பொரியும் நாளுக்காக. ஆண்மீன் ஏறத்தாழ எட்டு நாட்கள் அருகிலேயே நின்று துடுப்பால் விசிறிக் காக்கும். கெட்ட முட்டையை வாயால் அகற்றும். பொரிப்பு இருட்டில்தான் நிகழும். அன்று மாலை அம்முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றி, விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். பிறந்த குஞ்சுக்குக் கண்ணும் பசியும் உண்டு. பெரிய இரையைப் பற்ற வாய் இல்லை. பச்சை நீரில் வளர்த்த ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய உயிரியை முதல் நாளிலிருந்தே தர வேண்டும். சில நாள் கழித்து, உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவின் குஞ்சுகள். இரண்டு வாரத்தளவில், ஊசிமுனை போன்ற அவ்வுடலில் முதல் வெண்பட்டை தோன்றும்.

கொல்லைக்காரர் அந்த இரவில் கைவிளக்கைத் துணியால் மறைத்துத் தொட்டியின் ஒரு மூலையில் காட்டுகிறார். மெல்லிய ஒளியை நாடி, கண்ணிரண்டு மட்டுமே தெரியும் நூறு புள்ளிகள் நீந்தி வருகின்றன. அவர் எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறி, மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறார்.