வாடைக்கு இரண்டு பெயர்

ஐப்பசி பிறந்தால் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அந்தமானின் பெயர் வானிலை அறிக்கை வழியாக நுழைகிறது. அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டதும் வற்றலும் வடகமும் பரண் ஏறும். அத்தீவுகளிலேயே குடியிருக்கும் தமிழர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் எப்படி அறிகிறார்கள் என்று கேட்போர் குறைவு.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மழை வைகாசியிலேயே தொடங்கிவிடுகிறது. ‘ஐப்பசி அடைமழை’ என்று அங்கே ஒரு பாட்டி சொன்னால், ஐந்து மாதமாக நனைந்த குடையை மடக்கியபடி பேரப்பிள்ளை சிரிக்கக்கூடும். ‘கர்ணனுக்குப் பின் கொடையில்லை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை’ என்பதும் முழுதாக ஒட்டாது. மார்கழியிலும் மழை உண்டு. ஊரில் சொல்லும் மார்கழிக் குளிரோ கிடையாது. விளக்கேற்றும் வேளையும் நழுவிவிடுகிறது. திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏறும்போது, தீவில் கதிரவன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. வீடு இருப்பதோ 92.7 பாகைக்கு அருகில். வாசலில் அகல் வைப்பவர் தொலைக்காட்சியைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா?

கச்சல் தீவின் கதை இன்னும் கனமானது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினர் அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் மார்கழி மூன்று வானங்களைக் கண்டது: முன்னோர் ஊரின் பனி, மலையகத்தின் மெய்யான குளிர், பிறகு நிக்கோபாரின் புழுக்கம். மாதப்பெயர் மட்டும் மாறவில்லை. 2004 டிசம்பர் 26, மார்கழி முழுநிலா நாள். காலை 6.29க்கு நிலம் அதிர்ந்தது. பின் எழுந்த கடல் கச்சலில் பெரும் உயிர்ச்சேதத்தை விளைவித்தது. அன்றுமுதல் அத்தீவில் ‘மார்கழி’ என்ற சொல் சுமக்கும் பொருளை முன்னோர் தந்த எந்தப் பழமொழியிலும் தேட இயலாது.

தீவின் ஆதிக்குடிகளுக்கு இக்காற்றைப் பற்றி வேறோர் அறிவு உண்டு. ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலின்படி, வடகிழக்குக் காற்று பிலிக்குவுக்கு உரியது. தென்பகுதியினர் புளுகா என்பர். தேன்மெழுகை எரித்தாலும், சில்வண்டு பாடும் வேளையில் ஓசை எழுப்பினாலும், விலக்கப்பட்ட கிழங்கைத் தோண்டினாலும் பிலிக்கு சினந்து புயலை ஏவும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், மார்கழியில் திருமணம் வைக்காத தம் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். தமிழர் வாடை என்பதும் இவர்கள் பிலிக்கு என்பதும் ஒரே பருவத்துக் காற்றுதான். அந்தமானைக் கடந்து மேற்கே போகும் அதே பருவம்தான் சோழமண்டலக் கரையில் நெல்லுக்கு நீராகிறது.

நாட்டார் வழக்காற்றுக் களப்பணியில் பழமொழியைக் குறிப்போர், சொன்னவரின் ஊரையும் அவர் முன்பு வாழ்ந்த ஊர்களையும் சேர்த்து எழுதுவது இங்கே இன்றியமையாதது. அது இல்லையேல் கச்சலில் கேட்ட வாக்கியம் அட்டவணையில் ‘பிழை வடிவம்’ என்று அடிபட்டுப்போகும். மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று முதியவர்கள். அவர்களிடம் கேட்க இன்னும் பல மார்கழிகள் இல்லை.