பேரன் தீவில் கந்தகம்

எங்கள் பக்கத்தைக் கந்தக பூமி என்கிறார்கள். சிவகாசி மண்ணை எத்தனை அடி தோண்டினாலும் கந்தகம் ஒரு பிடி கிடைக்காது. பயராபீசில் முப்பது வருஷம் ஸ்டாக் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், எல்லாம் மூட்டையில் வந்ததுதான். கந்தகம் தானாகப் பிறக்கும் இடத்தைப் பார்க்க எனக்கு 72 வயதாக வேண்டியிருந்தது.

மகன் அந்தமானில் வேலை பார்க்கிறான். மாசியில் போயிருந்தபோது இரவுக் கப்பலில் பேரன் தீவுக்கு அழைத்துப் போனான். தன் பேரில் ஒரு தீவா என்று என் பேரன் துள்ளினான். "இங்கிலீஷ்ல தரிசுன்னு அர்த்தம்டா" என்றேன். "அப்ப நம்ம ஊர் மாதிரியா தாத்தா?" என்றான். கரிசல் காட்டு வறட்சியைப் பற்றி அவனிடம் அதிகம் புலம்பியது நான்தான்.

போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். விடிகாலையில் தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் அகலத் தீவு. பழைய எரிமலை வாயின் சுவர் கோட்டை மதில் போல வட்டமாக நிற்கிறது. மேற்கே மட்டும் மதில் உடைந்திருக்கிறது. அந்த வழியாக எரிகுழம்பு கடல்வரை ஓடிக் கறுத்துக் கிடக்கிறது. நடுவில் புகையும் கூம்பு. தெற்காசியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றுதான்.

அது வெடித்ததாக முதல் பதிவு 1787இல். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் பார்த்தபோது மூன்று நான்கு டன் எடை இருக்கலாம் என்று அவர் மதித்த பாறைகளை அது எறிந்துகொண்டிருந்தது. பிறகு அடங்கியது. அடுத்த நூற்றாண்டில் நிலவியலாளர்கள் கூம்பின்மேல் ஏறி, வாயில் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருப்பதைப் பார்த்தார்கள். சுமார் 150 ஆண்டுகள் உறங்கி, 1991இல் விழித்தது. மனிதர் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. யாரோ எப்போதோ விட்டுப்போன ஆடுகள் மட்டும் பெருகியிருக்கின்றன. எங்களையும் இறங்கவிடவில்லை.

காற்று திரும்பியபோது எனக்குக் கந்தக வாடை அடித்தது. அப்படி ஒன்றும் இல்லை என்றான் மகன். இருந்திருக்காது. எனக்கு அடித்தது சித்தப்பாவின் வேட்டி வாடை.

சித்தப்பா மருந்து கலக்கும் அறையில் இருந்தார். கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்தால் ஓர் உரசல் போதும். 1992இல் அந்தக் கலவைக்குத் தடை வந்தது. எங்கள் வீட்டுக்கு எட்டு வருஷம் பிந்தி வந்தது. பங்குனியில் ஒரு நாள், காலை பத்தரை மணி. மற்றதை எழுத வேண்டாம், நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

அதிகாரிகள் வருவதற்குள் ரிஜிஸ்டரை முடிக்கச் சொன்னார்கள். அன்று அந்த அறைக்குப் போன சரக்கு அனுமதித்த அளவைவிட அதிகம். தீபாவளி ஆர்டர் அப்படி. நான் அளவுக்குள் வருகிற மாதிரி எழுதினேன். 'கந்தகம், செலவு' என்று போட்டு, ஒரு எண்ணை எழுதி, கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் அதே கையால் சித்தப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டேன்.

அளவு மீறியது அவர் தப்பு இல்லை என்று சொல்ல அந்த ரிஜிஸ்டர் ஒன்றுதான் இருந்தது. இதைச் சித்தியிடம் நான் சொன்னதில்லை. இதை அவர் படிக்கப் போவதும் இல்லை, கண் மங்கிவிட்டது.

கரை திரும்பியதும் அவருக்குப் போன் போட்டேன். கந்தகம் விளைகிற மலையைப் பார்த்தேன் என்றேன்.

"அங்கன யாரும் வேலைக்குப் போறாகளாய்யா?"

"யாரும் இல்ல சித்தி. ஆடுதான் மேயுது."

"நல்லதா போச்சு" என்றவர், அந்தமானில் தேங்காய் என்ன விலை என்று கேட்டார்.