காப்பார்காரன் சொன்ன பொய்

என் மின்சாரக் காரைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதி பொய். விவரம் புரியாமல் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். எனக்கு விவரம் நன்றாகவே தெரியும்.

நான் வளர்ந்தது காப்பார் பக்கத்துத் தோட்டத்தில். அங்கே கடலோரம் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம் 1980களில் எழும்பியது. புகைபோக்கிகள் வெகுதூரம் தெரியும். இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நிலக்கரி கப்பலில் வரும், எரியும், கரண்டாக மாறும். காப்பார் மட்டுமில்லை, மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் எல்லாம் அதே கதைதான். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நிலக்கரியில் வருகிறது. மீதியில் பெரும்பங்கு எரிவாயு. காஜாங்கில் ராத்திரி நான் காரில் ஒயரைச் செருகும்போது, என் புகை காப்பாரிலோ மஞ்சோங்கிலோ போகிறது. அதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன், பிரிக்பீல்ட்ஸில் ஓர் இளைஞர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் காரில் துளி புகை கிடையாது" என்றேன். யாரும் குறுக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் உண்டு. காஜாங்கிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் ஏறினால் முசியம் நெகாராவில் இறங்கி, கே.எல். சென்ட்ரல் வழியாக நடந்தே பிரிக்பீல்ட்ஸ் போய்விடலாம். 2017 ஜூலையில் காஜாங் வரைக்கும் தடம் வந்தபோது கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவதற்கு ஒற்றை ஆளாக, ஒன்றே முக்கால் டன் எடையுள்ள காரில், செராஸ் ஜாமில் நின்று நின்று போனேன்.

என் நிஜமான குற்றம் அதுதான். கார் வாங்கும்வரை வேலைக்கு ரயிலில் போனவன் நான். மாதம் 50 வெள்ளி பாஸ். கார் வந்ததும் பாஸ் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. சாலை வரியும் அப்போது இல்லை. 2022 முதல் 2025 முடியும்வரை மின்சாரக் கார்களுக்கு அரசு விலக்குக் கொடுத்திருந்தது. எண்ணெய்ச் செலவு இல்லை, மனசாட்சிக் குத்தலும் இல்லை என்றானதும் சாத்தே வாங்கக்கூட காரை எடுத்தேன். பழைய ஒன்று புள்ளி எட்டு லிட்டர் பெட்ரோல் காரையாவது விற்றேனா? அதுவும் இல்லை. மகன் எடுத்துக்கொண்டான். வீட்டு வாசலில் ஒரு கார் நின்ற இடத்தில் இப்போது இரண்டு.

கணக்கை ஒருநாள் உட்கார்ந்து போட்டேன். தீபகற்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு. என் கார் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் குடிக்கிறது. ஆக 12 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் மைவி மாதிரிச் சின்ன கார், 14 கிலோ. எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் மைவியின் கணக்கு இன்னும் ஏறும். என் பழைய காரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஆக, மின்சாரக் கார் ஜெயிக்கத்தான் செய்கிறது. ஆனால் பேட்டரியைச் செய்யும்போதே பல டன் வாயு வெளியேறிவிடுகிறது. நம் நாட்டுக் கரண்டில் ஓட்டி அந்தக் கடனை அடைக்கப் பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகும். நானோ பழைய காரின் இடத்தில் இதை ஓட்டவில்லை, ரயிலின் இடத்தில் ஓட்டினேன். ரயிலும் அதே நிலக்கரிக் கரண்டில்தான் ஓடுகிறது, ஆனால் அதை நூற்றுக்கணக்கான பேர் பங்குபோட்டுக் கொள்கிறோம்.

டயர் கணக்கு வேறு. சுங்கை சுவாவில் டயர் கடைக்காரர் என் முன்சக்கரத்தைக் கழற்றி, ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். கோடெல்லாம் மழுங்கி, ரப்பர் வழவழவென்று இருந்தது. "பாஸ், மின்சாரக் கார் எல்லாம் இப்படித்தான். வெயிட் ஜாஸ்தி, இழுவையும் ஜாஸ்தி" என்றார். தேய்ந்த ரப்பர் எங்கே போயிற்று என்று அவர் சொல்லவில்லை. ரோட்டில் தூளாகி, மழையில் கால்வாய்க்குப் போய், லங்காட் ஆற்றில் கலந்திருக்கும். அந்த ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் இந்தப் பக்கத்துக் குழாய்களில் விடுகிறார்கள்.

மோட்டாருக்குள் இருக்கும் அரிய மண் காந்தத்தைப் பற்றி நான் எங்குமே வாய் திறந்ததில்லை. என் மனைவி ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்காரி. அருகிலுள்ள புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய அரிய மண் ஆலை, தோரியக் கழிவை ஊர் ஓரத்தில் விட்டுவிட்டு, மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1994இல் மூடப்பட்டது. 2012 முதல் பகாங், கெபெங்கில் லைனாஸ் ஆலை ஆஸ்திரேலிய மண்ணைச் சுத்திகரிக்கிறது. மின்சாரக் கார் காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியம் அங்கிருந்தும் போகிறது. கழிவு இங்கேயே தங்குகிறது. மாமியார் வீட்டுக்குக் காரில் போய் இறங்கும்போது இதெல்லாம் ஞாபகம் வரும். "கார் எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டால், "சத்தமே இல்லைங்க அத்தை" என்று முடித்துக்கொள்வேன்.

காரை விற்கப்போவதில்லை. 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக அரசு அறிவித்திருக்கிறது. கரண்டு சுத்தமாக ஆக இதே காரும் சுத்தமாகும். பாஸை மறுபடி எடுத்துவிட்டேன், என்றாலும் மழை பிடித்தால் சாவியைத்தான் கை தேடுகிறது. என் பேச்சைக் கேட்டு மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், தாராளமாக வாங்குங்கள். பழைய வண்டியை விற்றுவிட்டு வாங்குங்கள். ரயில் போகிற இடத்துக்கு ரயிலிலேயே போங்கள்.