கிழக்கு நோக்கி நின்ற மலர்

பதினைந்தாண்டுகளுக்கும் மேலாக நாம் வகுப்பறையில் ஒரு பிழையைக் கற்பித்து வந்தோம். அதனை இச்சிறப்பு மலரில் எழுதி வைத்தல் கடமை எனக் கருதுகின்றோம்.

குறுந்தொகை 315ஆம் பாடலில் தலைவி தலைவனை ஞாயிறாகவும், தன் தோள்களை நெருஞ்சியாகவும் உரைக்கின்றாள். நெருஞ்சி தரையில் படரும் முட்செடி. அதன் சிறு மஞ்சட்பூவை நகரத்து மாணவர் கண்டிரார் என்று எண்ணி, "சூரியகாந்தியைப் போல எனக் கொள்ளுங்கள்; அது காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் நோக்கும்" என எளிதாக்கிச் சொன்னோம். ஆண்டுகள் செல்லச் செல்ல 'போல' என்னும் உவம உருபு தேய்ந்தே போயிற்று. சங்கப் புலவர் சூரியகாந்தியைப் பாடினர் என்று மாணவர் விடைத்தாளில் எழுதலாயினர். நாமும் மதிப்பெண் வழங்கினோம்!

சங்கப் புலவர் சூரியகாந்தியைக் கண்டிருக்க வழியே இல்லை. அது வட அமெரிக்கச் செடி. அந்நிலத்துத் தொல்குடிகள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பயிரிட்டு, விதையை இடித்து மாவாக்கி உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். அங்கு அது நெடுங்காலம் தோட்டத்து அழகுச் செடியாகவே இருந்தது. அதனை உணவுப் பொருளாக்கியது ருஷ்யா. அந்நாட்டுத் திருச்சபையின் நோன்பு நாட்களில் வெண்ணெயும் கொழுப்பும் விலக்கப்பட்டிருந்தன. புதிதாக வந்த சூரியகாந்தி எண்ணெய்க்கோ விலக்கில்லை. நோன்பு ஒரு செடியின் வரலாற்றை மாற்றியதை எண்ணி நாம் வியந்ததுண்டு. 1829இல் அலெக்ஸெயெவ்கா என்னும் ஊரில் டானியல் பொக்கரியோவ் என்னும் பண்ணையடிமை அவ்விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தார். அந்நாட்டு வகைகளே 1969இல் இந்தியாவுக்கு வந்தன.

எம் இல்லத்துக்கு அவ்வெண்ணெய் வந்தது தொண்ணூறுகளில். வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபின் மருத்துவர் எண்ணெயை மாற்றச் சொன்னார். "மணமும் இல்லை, குணமும் இல்லை" என்று உம்மா குறைபட்டுக்கொண்டே தாளித்தார். 2022இல் உக்ரைன் போர் மூண்டு அதன் விலை ஏறியபோதுதான், எம் அடுக்களை எந்நாட்டு வயலை நம்பியிருந்தது என்பது விளங்கிற்று.

இனி, பிழைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் அதே பாடலை நடத்துகையில், தென்காசிப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, விரிந்த சூரியகாந்தி திரும்பாது. எங்கள் வயலில் எல்லாம் கிழக்கே பார்த்துத்தான் நிற்கும்" என்றார். வகுப்பு சிரித்தது. நாம், "கவிதையில் உழவியலைத் தேடாதே, தம்பி" என்று கூறி அவரை அமர்த்தினோம். அவர் அமர்ந்தார், அவ்வாண்டு முழுவதும் வேறொரு வினாவும் எழுப்பவில்லை. அம்மௌனம் எம்மை உறுத்தியது.

அடுத்த ஆண்டு, குற்றாலச் சாரல் பெய்யும் ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களுக்குச் சென்றோம். காலை ஏழு மணிக்கு மலர்கள் அனைத்தும் கிழக்கு நோக்கி நின்றன. மாலை நான்கு மணிக்கும் அவ்வாறே நின்றன. மேற்குப் பக்கம் வண்டியை நிறுத்திய குடும்பத்தினர், மலர்களின் முதுகுதான் படத்தில் விழுகிறது என்று நொந்துகொண்டனர். கிளிகளை விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்த முதியவரிடம் வினவினோம். "மொட்டுலதான் ஆட்டம்; பூத்துட்டா அசையாது" என்றார். எம் பதினைந்தாண்டுப் பாடம் அவ்வொரு வரியில் முடிந்தது.

பின்னர் நூல்களைப் புரட்டினோம். இளஞ்செடியின் தண்டில் பகலில் கிழக்குப் புறம் மிகுதியாக வளர்வதால் தலை மேற்கே சாய்கின்றது. இரவில் மேற்குப் புறம் வளர்ந்து அதனை மீட்கின்றது. வளர்ச்சி நின்றதும் ஆட்டமும் நின்றுவிடுகின்றது. கிழக்கு நோக்கிய மலர் காலையில் விரைவில் வெம்மையடைவதால் தேனீக்கள் அதனை மிகுதியாக நாடுகின்றன என்று 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. நாம் ஒரு மலர் என்பதும் ஒரு மலர் அன்று. நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். ஓரத்து மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றும் விதை தராத ஒரு தனிப்பூ. நடுவிலுள்ளவை புறத்திலிருந்து உள்நோக்கி மலர்கின்றன. அவற்றின் சுருள்களை எண்ணினால் பெரும்பாலும் ஒரு புறம் 34, மறுபுறம் 55 வரும். நாம் எண்ணினோம், இருமுறை கணக்குத் தவறிற்று.

மறுவாரம் அம்மாணவர் இருந்த வகுப்பிற்கே சென்று, அவர் கூறியதே சரி என்று அனைவர் முன்னும் உரைத்தோம். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அவர் தலை குனிந்து, "பரவாயில்லை ஐயா, நெருஞ்சி உண்மையிலேயே திரும்புமா?" என்றார். "பார்த்ததில்லை" என்றோம். இருவரும் விளையாட்டுத்திடலின் ஓரத்தில் நெருஞ்சி தேடிப் புறப்பட்டோம்.