டிரைவர் இல்லாத மிஷின்

ஒரு லேசர் ப்ரிண்டர் சாவதற்குப் பல வழிகள் உண்டு. டிரம் தேயும், ஃபியூசர் ஃபிலிம் கிழியும், பேப்பர் இழுக்கிற ரோலர் வழவழன்னு ஆகிடும். இதுக்கெல்லாம் எங்க ஊர்லயே வைத்தியம் இருக்கு. டோனர் நிரப்ப சைக்கிள்ல ஆள் வருவார். ஆனா அத்தையோட ஜெராக்ஸ் கடை ப்ரிண்டருக்கு இதில் எதுவும் வரவில்லை. பழைய கம்ப்யூட்டர் போய்ப் புது லேப்டாப் வந்தது, அவ்வளவுதான். தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு நேரே ஒரே வரி: ஆதரவு முடிந்தது.

"மிஷின் நல்லாத்தானப்பா இருக்கு, எப்படி முடிஞ்சுதுங்கறான்?" என்றார் அத்தை. மாமா 2006ல் வாங்கியது. தாலுகா ஆபீஸ் எதிரே எத்தனையோ பேரின் பட்டாவும் சாதிச் சான்றிதழும் அதிலிருந்துதான் வந்தன. புதுசு வாங்கணும்னா மூணு மாச வாடகை போயிடும்.

விஷயம் இதுதான். விலை உயர்ந்த ப்ரிண்டர்களுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி ஒரு மொழி தெரியும்; பக்கத்தை அவையே வரைந்துகொள்ளும். விலை குறைந்தவற்றுக்கு அந்த மூளை கிடையாது. கம்ப்யூட்டரே பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி அனுப்பணும். அந்த வேலையைச் செய்வது டிரைவர். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. கம்பெனி புதிதாக எழுதித் தராவிட்டால், இரும்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் மிஷின் ஊமைதான்.

இந்தக் கோபம் புதுசு இல்லை. 1980 வாக்கில் எம்ஐடியில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும் ஒரு லேசர் ப்ரிண்டரைச் சமாளிக்க அதன் மூல நிரலைக் கேட்டார். வைத்திருந்தவர் தர மறுத்தார், யாருக்கும் தரமாட்டேன் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்ததால். 1983ல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்த மறுப்பும் இருந்தது.

அத்தையின் ப்ரிண்டரைக் காப்பாற்றியதும் அந்த வழியில் வந்தவர்கள்தான். கேபிளில் போகும் டேட்டாவைக் கவனித்து, அதன் மொழியைக் கண்டுபிடித்து, யாரோ முகம் தெரியாதவர்கள் லினக்ஸுக்கு டிரைவர் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு ராஸ்பெரி பை வாங்கினேன். கம்பெனி டிரைவராக இருந்திருந்தால் அதன் ஏஆர்எம் சிப்பில் ஓடியிருக்காது. இது மூல நிரலோடு கிடைத்ததால் அதிலேயே கம்பைல் செய்ய முடிந்தது. கப்ஸ் நிறுவி, பிரவுசரில் 631 போர்ட்டைத் திறந்து, ப்ரிண்டரைச் சேர்த்து, நெட்வொர்க்கில் பகிர்ந்தேன். ஆனாலும் சோதனைப் பக்கம் வரவில்லை. இந்த மாடல் தன் ஃபர்ம்வேரை நினைவில் வைத்துக்கொள்ளாது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு.

மூணாம் நாள் லேப்டாப்பிலிருந்தும் அத்தையின் போனிலிருந்தும் ப்ரிண்ட் வந்தது. சூடான தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சென்னைக்குப் போயிட்டா இது நின்னா என்னப்பா பண்றது?"

பேப்பர் டிரேயின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதலில் சின்னப் பெட்டி, பிறகு மிஷின் என்று தொடங்கி எல்லாம் தமிழில், ஒவ்வொரு படியாக. டோனர் அண்ணனிடமும் ஒரு நகல் இருக்கிறது.